திருவலையில் வெட்டிய கோதுகள்

செயலாளர் அங்கிள் பொய் சொன்னார். எங்கள் வீட்டுக் கராஜுக்குள் வந்து, அப்பா செய்த வேலையைக் கண்ணால் பார்த்து, கையிலும் எடுத்துப் பார்த்து, அம்மா கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனவர், இரண்டு மாதம் கழித்து, தான் செயலாளராக இருந்த தமிழ்ச் சங்கத்தின் கூட்டத்தில் “அந்தாள் வீட்டில வச்சுத் தோட்டா செய்யுது” என்று சொன்னார்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். அழைப்பிதழ் எனக்கும் வட்ஸ்அப்பில் வந்தது. அவருடைய பெயருக்குக் கீழே நேர்மை, தொண்டு என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுதுகிறேன்.

உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு இருந்த உங்களுக்கு. இப்போது உங்களுக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. பிரஷர் குளிசை போடுகிறீர்கள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி நடையில் உங்களில் இரண்டு பேரை மாதத்துக்கு ஒருமுறையாவது காண்கிறேன். முழங்காலைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போகிறோம். அந்தச் சீழ்க்கையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கோது இருந்தது. கொடுத்தது நான்.

கோது என்றால் வெடித்து முடிந்த தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடு. முட்டைக் கோது மாதிரி, உள்ளே இருந்தது போன பிறகு மிஞ்சுவது. உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நல்லது.

நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு, டூங்கபிக்கு, வந்து இரண்டாவது கோடை. பின்வளவில் தகரக் கூரை போட்ட கராஜ். கார் வெளியே நிற்கும். மத்தியானத்தில் அந்தத் தகரம் தானாகவே டிக், டிக் என்று சத்தம் போடும். சில்வண்டுகள் காதுக்குள் புகுந்து கத்தும்; கொஞ்ச நேரம் போனால் அவை கத்துவதே தெரியாது, அவை நிறுத்தும்போதுதான் தெரியும். கராஜ் கதவை அப்பா முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார். அதற்குக் கீழால் வெயில் ஒரு பாய் மாதிரி நிலத்தில் விரிந்து கிடக்கும். நான் அந்த வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவில், பாதி உடம்பு சுட, பாதி உடம்பு குளிர, சீமெந்தில் வயிறு பட்டுப் படுத்திருப்பேன். எனக்குப் பத்து வயது. அந்தக் கோடை முழுவதும் நான் படுத்தே கிடந்த மாதிரித்தான் ஞாபகம்.

ஊரில் அப்பா சீமெந்துத் தொழிற்சாலைப் பட்டறையில் இருந்தவர். மயிரிழையை மூன்றாகப் பிரித்து வெட்டச் சொன்னாலும் வெட்டுவார். இங்கே செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப் பெட்டி மடித்தார். மடித்து, தட்டி, அடுக்கி, அடுத்தது. அதற்கு அளவு தேவையில்லை. வேலையால் வந்து கையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவருடைய வேர்னியர் அளவுகோல், நீல வெல்வெற் வைத்த பெட்டிக்குள், உடுப்பு அலுமாரியில் கிடந்தது. சில நாள் அதை எடுத்துக் கரண்டியின் காம்பை அளப்பார். என்னுடைய பல் ஒன்று விழுந்தபோது அதையும் அளந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். வேலியில் ஒரு பலகை இல்லை. அந்த இடைவெளிக்குள்ளால் அவரும் வருவார், அவருடைய பூனையும் வரும். அப்பா ஒருநாள் புல்லு வெட்டும் மெஷினின் அலகைக் கழற்றி அரத்தால் தீட்டுவதை அவர் நின்று பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு போய் ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்தார். உள்ளே கோதுகள்.

அவருக்குக் கை நடுங்கும். கோப்பையைப் பிடித்தால் தட்டு கிலுகிலுவென்று ஆடும். ஆனால் துவக்கைத் தோளில் வைத்தால் நடுக்கம் நின்றுவிடும் என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடதாசி வட்டத்தைச் சுடும் ஒரு கிளப்பில் இருந்தார். சுட்ட கோதுகளைப் பொறுக்கி வந்து, திரும்ப வெடிமருந்து அடைத்துப் பாவிப்பார். அதில் ஒரு சிக்கல். வெடிக்கும்போது பித்தளை கொஞ்சம் நீண்டுவிடும். நீண்டதை அப்படியே பாவித்தால் துவக்கில் தோட்டா போடும் அறைக்குள் இறுகும், ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றையும் பழைய நீளத்துக்கு வெட்டிக் குறைக்க வேண்டும். நடுங்கும் கையால் அதைச் செய்ய முடியவில்லை. அதைத்தான் அப்பாவிடம் கேட்டார்.

மருந்து அடைப்பது, முனையில் ஈயச் சன்னம் பொருத்துவது எல்லாம் அவர் தன்னுடைய வீட்டில், பூட்டிய அறையில், தானே செய்வார். எங்கள் வீட்டுக்கு வந்தது வெறும் பித்தளை. அதைவிட ஒரு கறிக்கத்தி ஆபத்தானது.

“என்ர கை நல்ல கையாம்,” என்று அப்பா அம்மாவிடம் வந்து சொன்னார். “குட் ஹான்ட்ஸ் எண்டு சொல்லுது மனுசன்.”

“பெட்டி மடிக்கிற கை,” என்றார் அம்மா.

அப்பா எழும்பினார். குசினிக்குள் போய், கீழ்த் தட்டில் இருந்த திருவலையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார்.

அம்மா தன் கூறைச்சேலைக்கு இடம் போதாமல் அதை ஊரில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த திருவலை அது. மரப் பலகை, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நாக்கு. பலகையில் குந்தி இருந்து தேங்காய்ப் பாதியை அந்த நாக்கில் வைத்துச் சுற்றிச் சுற்றித் திருவ வேண்டும். அப்பா நாக்கைக் கழற்றினார். அந்த இடத்தில் கிழவர் தந்த சின்ன வெட்டுவாயை இரண்டு போல்ட் போட்டு இறுக்கினார். அதன் நடுவில் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் குந்தினார். கோதின் வாயைக் கம்பியில் செருகி, தேங்காய் திருவுவது போலவே உள்ளங்கையில் வைத்துச் சுற்றினார்.

அம்மா வாசலில் வந்து நின்றார். “இஞ்சரப்பா, உதில நான் நாளைக்குச் சம்பலுக்குத் தேங்காய் திருவ வேணும். பித்தளைத் தூள் பிள்ளையின்ர வயித்துக்க போனா ஆர் பாக்கிறது?”

“நாக்கைக் கழட்டித்தானே வச்சிருக்கிறன். உம்மட நாக்கைத்தான் கழட்ட ஏலாது.”

“கழட்டிப் பாருங்கோவன், பாப்பம்,” என்று சொன்னார் அம்மா. ஆனால் சிரித்தார். அந்த வீட்டில் அம்மா சிரித்து நான் கேட்டது அதற்கு முதல் எப்போது என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சத்தம் இன்னும் எனக்குள் கிடக்கிறது. முதலில் கிர்ர்ர் என்று கடிக்கும். வெட்டு ஓட ஓட அது மெலியும். கம்பியின் நுனி கோதின் அடியைத் தொட்டதும் வெட்டு தானாக நின்று, ஸ்ஸ்ஸ் என்று வெறுமனே வழுக்கும். அப்பா அந்த ஸ்ஸ்ஸ் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு இன்னொரு சின்னக் கருவியை வாய்க்குள் விட்டு இரண்டு திருப்பு, வெளியே இரண்டு திருப்பு, பிசிர் போய்விடும். விரலால் தடவிப் பார்ப்பார். வேர்னியரில் வைப்பார். இரண்டு அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. “சரி,” என்பார். யாருக்கும் இல்லை, கோதுக்கு. அடுத்தது.

வெட்டும்போது பித்தளை சுருள் சுருளாக விழும். வெயில் பட்டால் அந்தரத்தில் நெருப்புப் பூச்சி பறப்பது போல் இருக்கும். அப்பாவின் நெஞ்சு மயிரிலும் காலிலும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் இருந்து எழும்பி நிழலுக்குள் வரும்போது அவர் ஒருகணம் பொன்னால் செய்த மனிதர் மாதிரி மினுங்கி, பிறகு அணைந்துபோவார். நான் சுருள்களை மைலோ டின் மூடியில் சேர்த்து என் தலைமயிரில் தூவிக்கொள்வேன். அம்மா இரவு சீப்பால் வாரி வாரித் திட்டுவார்.

அப்பா தோட்டா செய்கிறார் என்று நான் நம்பினேன். ஒருவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒருவரும் எனக்கு எதையுமே சொல்லவில்லை, அதுதான் சங்கதி. வீட்டுக்கு வரும் அங்கிள்மார் ஊரைப் பற்றிக் கதைப்பார்கள். நான் உள்ளே வந்தால் கதையை மாற்றுவார்கள். “பெடியள்” என்ற சொல், ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்து இளைஞர்களைச் சொல்வது, கதவுக்குக் கீழால் வரும். கராஜுக்குள் பித்தளைக் கூடுகள் வரிசை வரிசையாக நிற்கும். நான் கூட்டிக் கணக்குப் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிறு கிழவர் எங்களைத் தன் காரில் சுடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். நிறைய தூரம். மஞ்சள் புல், ஒரு மேடு, தூரத்தில் வெள்ளைப் பலகைகள். கிழவர் துவக்கை எடுத்துக்கொண்டு போனார். அப்பா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி நான்கையும் மேலே ஏற்றிவிட்டார். உள்ளே புழுங்கி அவிந்தது. வெடிச் சத்தம் கண்ணாடிக்குள்ளால் வரும்போது யாரோ தூரத்தில் கதவை அடிப்பது போல்தான் இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பாவின் கன்னத்தில் ஏதோ ஒன்று துள்ளியது. வேர்னியர் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து மூடினார், திறந்து மூடினார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“அப்பா, இறங்குவமே?”

“இல்லையம்மா. இஞ்ச இருந்து காவல் பாப்பம்.”

நான் காவல் பார்த்தேன். கங்காரு ஒன்று மேட்டில் வந்து நின்று எங்களைப் பார்த்தது. இவ்வளவுக்கும் அப்பா தன் வாழ்நாளில் துவக்கைக் கையால் தொட்டவர் இல்லை. கிழவர் திரும்பி வந்து, இன்னும் சூடாறாத கோதுகளை என் மடியில் கொட்டினார். பாவாடைக்கு மேலால் தொடை சுட்டது. அந்தச் சூடு நல்லாயிருந்தது. வீட்டுக்கு வரும்வரை நித்திரை.

செயலாளர் அங்கிள் வந்தது கிறிஸ்மஸ் லீவுக்குச் சற்று முன்னர். சித்தப்பாவின் விஷயமாக. அப்பாவின் தம்பி அப்போது கொழும்பில் யாரோ வீட்டு மேல்மாடியில் ஒளிந்த மாதிரி இருந்தார். அவரை இங்கே கூப்பிட அப்பா விண்ணப்பம் போட்டிருந்தார். சங்கத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது, இந்தக் குடும்பத்தைத் தெரியும், பொறுப்பு நிற்போம் என்று எழுதினால் போதும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு விபரம் எடுக்கத்தான் அங்கிள் வந்தார். வெள்ளைக் காற்சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனை. முன்னறைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினார். “பயப்பிடாதையும், ஐசே. கடிதம் என்ர பொறுப்பு,” என்றார்.

அப்போதுதான் கிழவர் வேலி இடைவெளிக்குள்ளால் வந்து கராஜில் அப்பாவைக் கூப்பிட்டார். அங்கிளும் பின்னால் போனார். நானும் போனேன். கிழவர் கைகொடுத்தார், அங்கிளின் கை குலுங்கியது. கிழவர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார். கிளப், கடதாசி வட்டம், லைசன்ஸ், நடுக்கம். அங்கிளின் ஆங்கிலம் அப்பாவின் ஆங்கிலத்தைவிட நல்லது. ஒரு சொல்லும் விளங்காமல் போயிருக்காது. அவர் திருவலையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஊரில பெண்டுகள் தேங்காய் திருவ, இஞ்ச ஆம்பிளையள் பித்தளை திருவுறியளோ?”

“நீங்களும் ஒண்டு திருவிப் பாருங்கோ அண்ணை.”

வெள்ளைக் காற்சட்டையோடு பலகையில் குந்தினார். கோதைச் செருகிச் சுற்றினார். கிர்ர்ர் வந்தது, ஸ்ஸ்ஸ் வந்தது. அப்பா வாங்கி வேர்னியரில் வைத்தார். “அச்சொட்டான அளவு அண்ணை. நீங்கள் செயலாளர் வேலையை விட்டிட்டு இதுக்கு வரலாம்.” அங்கிள் சிறு பிள்ளை மாதிரி மகிழ்ந்தார். பின்பக்கம் பித்தளைத் தூளோடுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனார். அம்மா சொல்லவா வேண்டாமா என்று தவித்துவிட்டு, சொல்லவில்லை.

பிறகு பொங்கல் வந்தது. அம்மா குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்தார். புளி பட்டதும் கறுத்த பித்தளை மஞ்சளாய் விழித்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கராஜில் அப்பா வெட்டி முடித்த அறுபது கோதுகள் ஒரு பையில் இருந்தன, மங்கலாக, புகை பிடித்து. அவற்றையும் கொண்டுவந்து, உடுப்புத் தோய்க்கும் லோண்ட்றித் தொட்டியில் மிஞ்சியிருந்த புளித்தண்ணீருக்குள் கொட்டினேன்.

“நல்லா ஊறட்டும், அப்பாக்குக் காட்டுவம்,” என்றார் அம்மா. பொங்கல் அலுவலில் இரண்டு பேரும் மறந்துபோனோம். இரண்டு நாள் ஊறிவிட்டது.

எடுத்தபோது அவை மஞ்சள் இல்லை. ரோசா நிறம். எங்கள் வேலியில் வந்து குந்தும் சாம்பல் கிளியின் நெஞ்சு மாதிரி. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அம்மாவும் வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அப்பாதான் நெற்றியைச் சுருக்கினார். பையைக் கிழவரிடம் கொண்டுபோனார்.

கிழவர் நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். “நோ குட், மேற்,” என்றார். புளிப்பில் ஊறினால் பித்தளை தன் பலத்தை விட்டுவிடுமாம். திரும்ப மருந்து வைத்தால் கிழியக்கூடும். எதில் ஊறவைத்தீர்கள் என்று கேட்டார். பழப்புளிக்கு அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. “கறிக்குப் போடுற புளிப்புப் பழம்” என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். சாமி விளக்கு என்றும் சொன்னார். கிழவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, பையை என்னிடம் நீட்டினார். ஒரு கோதை எடுத்து, அடித் துளையை விரலால் பொத்தி, கீழுதட்டில் வைத்து ஊதிக் காட்டினார். மெல்லிய, உச்சத்தில் ஓடும் ஒரு சத்தம். அவருடைய கை நடுக்கத்தில் அது அலை அலையாக வந்தது. நான் ஊதினேன். என்னுடையது நேராக வந்தது.

இப்போது உங்களுக்கு ஞாபகம் வரும். தமிழ்ப் பள்ளி திறந்த முதல் சனி. தண்ணீர்க் குழாயடியில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். கயிறடி விளையாட்டில் எனக்கு இடம் தராதவளுக்கும் கொடுத்தேன். எல்லாக் கோதும் ஒரே சத்தம் போட்டது. அப்பா ஒரே அளவுக்கு வெட்டியதால்தான் என்று நான் உங்களுக்குச் சொன்னேன். அது சரியோ தெரியாது. வெட்டாவிட்டாலும் அப்படித்தான் கேட்டிருக்கும் போல. அன்றைக்கு நம்பினேன்.

மண்டபத்தில் செயலாளர் அங்கிள் ஒழுக்கம் பற்றிப் பேசத் தொடங்கினார். பெற்றோரும் பின்னால் இருந்தார்கள். யார் முதலில் ஊதியது என்று எனக்குத் தெரியும். அவன் இப்போது மெல்பேர்னில் பெரிய ஆள், விடுவோம். பிறகு இடது மூலையில் ஒன்று. பிறகு நடுவில். பிறகு எல்லாரும். கையைப் பொத்தி, தலை குனிந்து, முப்பது பேர் ஒரே சுரம். அது யாரிடமிருந்தும் வரவில்லை. கூரையிலிருந்து இறங்கியது. மின்விசிறிகளின் சுற்றோடு சுற்றியது. அவர் பேச்சை நிறுத்தினால் அதுவும் நின்றது. வாயைத் திறந்தால் திரும்பவும் வந்தது. ஒரு அன்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு பின்வரிசை முழுவதும் சிரித்தது. மைக் கீச்சிட்டது. அவருடைய காது சிவந்ததை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். நான் ஊதிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது மிகச் சில தடவைதான்.

அவர் மேடையால் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

“பிள்ளை, எழும்பும். உதென்ன கையில?”

“கோது, அங்கிள்.”

“எங்கால எடுத்தனீர்?”

“அப்பா செய்தவர்.”

அவருக்குத் தெரியும். ஒன்றை அவரே செய்தவர். ஆனாலும் எல்லாரும் கேட்கச் சத்தமாகக் கேட்டார். “அப்பா என்ன செய்யிறவர்?”

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குப் பத்து வயது. அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

“எங்கட அப்பா தோட்டா செய்யிறவர். பெடியளுக்கு.”

ஆம். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. நாற்பது வருடத்தில் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் கணவருக்கும் சொல்லவில்லை.

அவர் என் கையிலிருந்த கோதைப் பிடுங்கிச் சட்டைப் பையில், பேனைகளுக்குப் பக்கத்தில் போட்டார். திரும்பி மேடைக்கு ஏறினார். உங்களிடம் இருந்ததை நீங்கள் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்களும் பிள்ளைகள்.

அந்தக் கிழமைதான் சங்கக் கூட்டம். அதில் அவர் சொன்னதை அங்கே இருந்த ஒருவர் அம்மாவிடம் அன்றைக்கே ஒப்பித்தார். அடுத்த சனி அப்பா கடிதத்துக்காகப் பள்ளி முடியும்வரை நின்றார். மண்டபக் குசினி வாசலில் நின்று கதைத்தார்கள். நான் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஐசே, சங்கம் உதுக்குள்ள மாட்டுப்பட ஏலாது.”

“எதுக்குள்ள அண்ணை? நீங்கள் வந்து பாத்தனீங்கள்தானே. நீங்களே ஒண்டு வெட்டினனீங்கள்.”

“நான் பாத்ததை விடும். உம்மட பிள்ளையே வாயால சொன்னது. முழு மண்டபமும் கேட்டது. இனிக் கடிதம் தர ஏலாது.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். கோபம் இல்லை. வேர்னியரில் ஒரு கோதை வைத்து, அது குறைந்துவிட்டது என்று கண்டால் பார்ப்பாரே, குறைந்ததை இனிக் கூட்ட முடியாது என்ற மாதிரி, அந்தப் பார்வை.

“சரி அண்ணை. போட்டு வாறம்,” என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் நான் பெயர் தெரியாத ஒருவர் ஓடிவந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். “நல்ல வேலை செய்யிறியள். ஆரும் சொல்லுறதைக் கேளாதையுங்கோ,” என்று ரகசியமாகச் சொன்னார். அப்பா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “பெட்டி மடிக்கிறன்,” என்றார். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

காருக்குள் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “பசிக்குதே?” செவன் ஹில்ஸில் நிறுத்தி, கடதாசியில் சுற்றிய சுடச்சுடச் சிப்ஸ் வாங்கித் தந்தார். வினாகிரி மணம். கண்ணாடியில் ஆவி படிந்தது. அதில் விரலால் கோடு கீறிக்கொண்டு வந்தேன். அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தக் கோடையைப் பற்றி அவர் சாகும்வரை என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றைக்குப் பின்னேரமே வெட்டுவாயைக் கழற்றி, திருவலைக்கு அதன் நாக்கைத் திரும்பப் பூட்டினார். கருவிகளைத் துணியில் சுற்றி வேலி இடைவெளியால் நீட்டினார். “டூ பிஸி, மேற்,” என்றார். கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, துணிக்குள் இரும்பு கிலுகிலுத்தது. அடுத்த வருடம் அவரை ஒரு முதியோர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். வேலிக்குப் புதுப் பலகை அடித்தார்கள்.

மறுநாள் அம்மா சம்பல் போட்டார். சோற்றில் பிசைந்து வாயில் வைத்தபோது பல்லில் ஏதோ நெறுக்கென்றது. நாக்கால் தேடி எடுத்தேன். ஒரு பித்தளைச் சுருள். சொன்னால் சண்டை வரும். விழுங்கிவிட்டேன்.

சித்தப்பாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் பல நாடு சுற்றி ஜெர்மனிக்குப் போனார். முதலில் விசா இல்லை, பிறகு காசு இல்லை, பிறகு இரண்டு பேருக்கும் உடம்பு ஏலாது. அண்ணனும் தம்பியும் பிறகு ஒருபோதும் நேரில் காணவில்லை. அப்பாவின் செத்தவீட்டைச் சித்தப்பா போனில் பார்த்தார். படம் இடையிடையே நின்று நின்று போனது. கடிதம் இருந்திருந்தால் வந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. எழுதித் தந்திருந்தால் தெரிந்திருக்கும்.

செயலாளர் அங்கிள், இனி உங்களுக்கு. உங்களுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, இந்த வயதில் ஒருவரைப் போய் இப்படி வதைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். முப்பது பிள்ளைகள் சேர்ந்து மண்டபத்தை உங்களைப் பார்த்துச் சிரிக்கவைத்தோம். அது உங்களுக்குச் சுட்டிருக்கும். அல்லது உண்மையிலேயே பயந்தீர்களோ? அப்படியென்றால் பயந்தேன் என்று சொல்லுங்கள், அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் வாயை உங்கள் கண்ணுக்கு மேலே வைத்தீர்களே, அது எப்படி?

அடுத்த மாதம் நான் மண்டபத்துக்கு வருவேன். என் பொய்யை நான் முதலில் மைக்கில் சொல்வேன். தமிழ்ப் பள்ளியில் என்னோடு இருந்த உங்களில் யாரிடமாவது ரோசாக் கோது இன்னும் மேசை லாச்சிக்குள் கிடந்தால் கொண்டுவாருங்கள். என்னுடையதை அவர் பறித்துவிட்டார். ஒரு தடவை ஊதுவோம். பிறகு மண்டபம் அமைதியாக இருக்கட்டும். பொன்னாடை போர்த்துவதற்கு முதல் நீங்கள் எழும்பி, அதே மைக்கைப் பிடித்து, எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும், அங்கிள்: அன்றைக்கு எங்கள் கராஜுக்குள் குந்தி இருந்து உங்கள் கையால் நீங்கள் வெட்டியது என்ன?